ஓடி முடிச்சாச்சு... இனி என்ன?



இரண்டு வாரத்துக்கு முன் இதே பகுதியில் ஈரோட்டுச் சகோதரி ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். மூன்று வருடமாகக் காலையில் ஓடிக்கொண்டிருக்கிறாராம். ஐந்து கிலோமீட்டர் ஓட ஆசைப்பட்டார், ஓடிவிட்டார். பத்து ஓட ஆசைப்பட்டார், அதையும் ஓடிவிட்டார். இப்போது அலாரம் அடித்தால் எழுந்து ஷூ போடவே மனசு வரவில்லை, 'இனி என்ன?' என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல நான் ஒன்றும் பெரிய வீராங்கனை இல்லை. ஆனால் அதே கேள்வியில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே... அதைச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நான் கோவையில் வசிக்கும் இல்லத்தரசி. வயது 53. என்னவர் பஞ்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு பெங்களூரில் வேலை. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வீட்டில் நாங்கள் இருவரும், 80 வயது மாமியாரும்.

2018-ல் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று வந்தால் சுமார் இரண்டரை கிலோமீட்டர். நடந்தேன். ஒருநாள் மழை தூறியது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பத்தடி ஓடினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பத்தடி மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கோ-கோ விளையாடியதற்குப் பிறகு நான் ஓடியதே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த விளக்குக் கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்தது வரை நடை. அப்படித்தான் ஆரம்பித்தேன். சுடிதாருக்கு மாறவே இரண்டு மாதம் ஆனது. நிற்காமல் ஒரு முழுச் சுற்று ஓட நான்கு மாதம் ஆனது.

மாமியார் கேட்டார், "ஏனம்மிணி, உன்னிய யாரு தொரத்தறாங்கன்னு இந்த ஓட்டம் ஓடறே?" பதில் சொல்லத் தெரியவில்லை. சிரித்துவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததல்லவா, வெளியே கால் வைக்க முடியாது. எங்கள் மொட்டை மாடியை 25 தடவை சுற்றினால் ஒரு கிலோமீட்டர். இரண்டு கிலோமீட்டருக்குள் எண்ணிக்கை தவறிவிடும். ஒருநாள் காற்று வாங்க மேலே வந்த மாமியார் நான் முணுமுணுத்துக்கொண்டே ஓடுவதைப் பார்த்துவிட்டு, கீழே போய் ஒரு டம்ளர் நிறையப் புளியங்கொட்டை கொண்டு வந்தார். நான் ஒவ்வொரு தடவை அவரைத் தாண்டும்போதும் ஒரு கொட்டை டம்ளரிலிருந்து கிண்ணத்துக்குப் போகும். 'இன்னும் பதினாறு இருக்குது, ஓடு ஓடு' என்பார். யாரு தொரத்தறாங்க என்று கேட்டவர், கடைசியில் அவரே துரத்தினார்! அந்த மாதங்களை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வரும்.

2022 டிசம்பரில் முதல் தடவையாக ஒரு பந்தயத்தில் கலந்துகொண்டேன். 10 கிலோமீட்டர். 1 மணி 19 நிமிடம். அடுத்த வருடம் டிசம்பரில் அதே தூரம், 1 மணி 9 நிமிடம் 40 வினாடி! எழுபது நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று மனசுக்குள் வைத்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. முடிவுக்கோட்டைத் தாண்டி வாட்சைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெடலை மாமியார் வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். என்னவர் சமையலறைக் காலண்டரில், கேஸ் புக் பண்ணிய தேதிக்குக் கீழே '1.09.40' என்று சிவப்பு மையில் எழுதினார்.

சகோதரிகளே, நம் வாழ்க்கையில் எத்தனை நம்பர்களை மனப்பாடமாக வைத்திருக்கிறோம், யோசித்துப் பாருங்கள். ரேஷன் கார்டு நம்பர், கேஸ் நம்பர், மகனின் பிளஸ் டூ மார்க், மகளின் பிரசவத் தேதி, மாமியாரின் பி.பி., என்னவரின் பி.எஃப். கணக்கு. எல்லாமே அடுத்தவர் நம்பர். 1.09.40 தான் எனக்கென்று இருந்த முதல் நம்பர்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எழுபதை உடைத்தாயிற்று, அடுத்தது அறுபத்தைந்து என்று நானே முடிவு செய்தேன். மகன் வாங்கிக் கொடுத்த வாட்ச் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 'டிக்'கென்று அடித்து நேரம் காட்டும். காலை ஓட்டக் குழுவில் எல்லோரும் தங்கள் நேரத்தை வாட்ஸ்அப்பில் போடுவார்கள். முப்பது வயதுப் பெண்கள் 'அக்கா, இன்னிக்கு எவ்ளோ?' என்று அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் எனக்கு அது பரீட்சை மார்க் கேட்பது போல இருக்கும். முன்பெல்லாம் ரேஸ்கோர்ஸ் மரங்களையும், மரத்தடியில் டீ ஆற்றுகிறவரையும் பார்த்துக்கொண்டு ஓடியவள், வாட்சைப் பார்த்தே ஓட ஆரம்பித்தேன். வாரம் மூன்று நாள் என்பது ஐந்து நாள் ஆனது. கெண்டைக்கால் எலும்பு வலித்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுபடி ஓடினேன்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி நாம்தான் வாயே திறப்பதில்லையே! மாதவிலக்கு நிற்கும் வயது. சில மாதம் வராது, வந்தால் பத்து நாள் நிற்காது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஓட்டம் கூடினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு அறியாமை!

2024 டிசம்பர் பந்தயம். ஆறாவது கிலோமீட்டரில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஓரமாக உட்கார்ந்தேன். எழுந்து நடந்தேன், கொஞ்சம் ஓடினேன், மறுபடி நடந்தேன். 1 மணி 26 நிமிடம். முதல் தடவை ஓடியதைவிட ஏழு நிமிடம் அதிகம். இரண்டு வருடம் உழைத்து ஆரம்பித்த இடத்துக்கும் பின்னால் போய் நின்றேன். ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன். டிரைவர் தம்பி பயந்துபோய், "ஆஸ்பத்திரிக்குப் போலாங்களாக்கா?" என்று கேட்டார்.

வீட்டில் என்னவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "எவ்வளவு புள்ள?" என்றார். வாய் கூசாமல் "ஒண்ணு பதினொண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் பொய் சொன்னேன்? அவருக்கு 1.11-க்கும் 1.26-க்கும் வித்தியாசம்கூடத் தெரியாது. சந்தோஷமாகப் போய்க் காலண்டரில் எழுதினார். நான் காய் நறுக்கும்போது, பால் காய்ச்சும்போது, தாளிக்கும்போது எல்லாம் அந்த 1.11 என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. புதுவருடக் காலண்டர் வந்ததும் மூன்று நம்பரையும் அதன் முதல் தாளில் வரிசையாக எடுத்து எழுதினார் பாருங்கள், அன்றைக்குத் தாங்க முடியவில்லை. பேனாவை எடுத்து 1.11-ஐ அடித்துவிட்டு 1.26 என்று எழுதினேன். "ஏம்புள்ள?" என்றார். சொன்னேன். "ஒண்ணு இருபத்தாறா இருந்தா என்ன, பத்து கிலோமீட்டர் பத்து கிலோமீட்டர் தான?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஷூவைக் கழுவி, காயவைத்து, பரணில் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் ஓடவில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் மகள் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சோகை பிடிச்ச மாதிரி வெளுத்திருக்கே?" என்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்து, பயப்பட ஒன்றும் இல்லை, மாதவிலக்கு நிற்கும் சமயத்து அதிக உதிரப்போக்குதான் காரணம் என்றார்கள். ரத்தம்தான் உடம்பு முழுக்கப் பிராணவாயுவைச் சுமந்து போகிறது. அது குறைந்தால் காலுக்கு என்ன பலம் இருக்கும்? இதில் நான் மட்டும் தனி இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை காபி, டீயோடு சேர்த்துப் போடக்கூடாது, சத்து உடம்பில் சேராது என்று டாக்டர் சொன்னார். நான் அதற்கு முன் டானிக் குடித்த காலத்தில் எல்லாம் காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குடித்தேன்! ஓடுகிற சகோதரிகளே, வாட்ச் வாங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வாட்ச் விலையில் அது பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

உடம்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் மனசு? மாத்திரை தின்றாலும் வயது குறையாதே. இனி நான் 1.09.40-ஐத் தொடவே போவதில்லையோ என்னமோ. அப்படியானால் எதற்கு ஓட வேண்டும்? ஈரோட்டுச் சகோதரி கேட்டது எட்டிய பிறகு வந்த கேள்வி. என்னுடையது, எட்டியது கைவிட்டுப் போன பிறகு வந்த கேள்வி. ஆனால் இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்போது மகன் ஊருக்கு வந்திருந்தான். பரணில் ஷூவைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனில் ஒரு அம்மாளின் கதையைக் காட்டினான்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் என்றால் நமக்கெல்லாம் பி.டி. உஷாதான் ஞாபகம் வருவார். ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டாரே! எனக்கு அப்போது 12 வயது. அப்பா ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து 'ச்சே' என்று தொடையில் தட்டியது இன்னமும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அதே ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான மராத்தான் முதல் முதலாக நடந்தது என்பது எனக்குத் தெரியாது. அதுவரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1500 மீட்டருக்கு மேல் ஓட்டமே கிடையாதாம். மராத்தான் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அதில் முதல் தங்கம் வாங்கியவர் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட். நேரம் 2 மணி 24 நிமிடம் 52 வினாடி. அந்த வருடம் அவர் நாட்டுத் தகுதிப் போட்டிக்கு 17 நாள் முன்புதான் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தாராம்.

தங்கம் வாங்கியதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது அவருடைய பிற்காலக் கதை. 1979-ல் 21 வயதில் பாஸ்டன் மராத்தானை 2 மணி 35 நிமிடம் 15 வினாடியில் ஜெயித்தவர் அவர். நாற்பது வருடம் கழித்து, 2019-ல், 61 வயதில் அதே பாஸ்டனில் மறுபடி ஓட வந்தார். ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? அவர் வைத்துக்கொண்ட இலக்கு வேறு. நாற்பது வருடம் ஆகிவிட்டது, பழைய நேரத்தைவிட நாற்பது நிமிடத்துக்கு மேல் பின்தங்கக் கூடாது. அவ்வளவுதான். 3 மணி 4 நிமிடத்தில் முடித்தார். வித்தியாசம் 29 நிமிடம்கூட இல்லை.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உலகத்தையே ஜெயித்த அம்மா, இப்போது தன் வயதுக்குத் தகுந்த மாதிரி ஒரு கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறார்! நான் என்னடா என்றால் போன வருடத்து என்னோடு மல்லுக்கட்டி, மூக்குடைந்து, ஷூவைப் பரணில் போட்டிருக்கிறேன்.

மறுநாள் ஷூவை இறக்கினேன். வாட்சை பீரோவில் நகைப்பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். 2025 மார்ச்சில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் புதுக்கணக்கு ஆரம்பித்தேன். பழைய நோட்டு ரத்தசோகை வந்தவளுடையது, அதை மூடியாச்சு.

மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு இலக்குதான் வைத்தேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு தவறாமல் போக வேண்டும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எதுவும் கணக்கில்லை. போனால் காலண்டரில் ஒரு புள்ளி. பால்காரர் வராத நாளுக்குக் குறி போடுவோமே, அதே மாதிரி. விருந்தாளி, கல்யாணம், மாமியாருக்குக் காய்ச்சல் என்று நடுவில் விட்டதும் உண்டு. 39 நாளில் 31 நாள் போனேன். எழுபது நிமிடத்தை உடைத்தபோது வந்த சந்தோஷத்தில் முக்கால்வாசி இதிலும் வந்தது, பொய் சொல்லவில்லை.

அடுத்து, பேச்சு ஓட்டம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிந்தால் அந்த வேகம் உடம்புக்கு ஏற்ற வேகம். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். இதற்கு வாட்சே வேண்டாம், வாய் போதும். நமக்கா கற்றுக்கொடுக்க வேண்டும்? இரண்டு சுற்று முழுக்கப் பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்பதை இலக்காக வைத்தேன். தெருமுனையில் டெய்லரிங் கடை வைத்திருக்கும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டேன். அவள் மருமகள் கதை ஒரு சுற்றுக்குச் சரியாக இருக்கும், என் கதை ஒரு சுற்றுக்கு.

இன்னொரு இலக்கு ஓட்டத்தில் சேர்த்தியே இல்லை. என் அம்மா 71 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்புறம் அவர் சரியாக எழுந்து நடக்கவே இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக வலுவிழக்கும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அம்மாதான் ஞாபகம் வந்தார். ஓடினால் மட்டும் போதாது, தசைக்கும் வலு வேண்டும் என்றார். அதனால் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முதலில் எட்டுத் தடவைக்கே தொடை நடுங்கியது. இருபது என்று இலக்கு வைத்தேன். குக்கரில் மூணு விசில் வருவதற்குள் இப்போது முடித்துவிடுகிறேன். மாமியாரும் சேர்ந்துகொண்டார். அவர் கணக்கு ஐந்து. புளியங்கொட்டை மறுபடி வெளியே வந்தாயிற்று.

ஈரோட்டுச் சகோதரிக்கு எல்லோரும் ஒன்று சொல்லியிருப்பார்கள், எனக்கும் சொன்னார்கள். 'பத்து முடிச்சாச்சா, அடுத்தது இருபத்தொண்ணு, அப்புறம் நாற்பத்திரண்டு' என்று. பள்ளிக்கூடத்து வகுப்பு மாதிரி! ஆசை இருந்தால் தாராளமாக ஓடுங்கள். ஆனால் இருபத்தொன்றுக்குத் தயாராக வாரம் எத்தனை மணி நேரம் வேண்டும், அது வீட்டில் எங்கிருந்து வரும், தூக்கத்திலிருந்தா என்று முதலில் கணக்குப் பாருங்கள். என் கணக்கில் அது தூக்கத்திலிருந்துதான் வந்தது. அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். தூரத்தைக் கூட்டாமலே புது இலக்கு நிறைய இருக்கிறது. முதல் கிலோமீட்டரைவிடக் கடைசிக் கிலோமீட்டரை வேகமாக ஓடுவது, மருதமலைப் படிக்கட்டை நிற்காமல் ஏறுவது, ரேஸ்கோர்ஸை விட்டுவிட்டு சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் போய்ப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு ஓடுவது. இதில் மருதமலை எனக்கு இன்னும் பாக்கி. பாதிப் படியில் நின்றுவிடுகிறேன்.

வீட்டில் சொல்லிவிடுங்கள் என்பதும் முக்கியம். நான் எழுபது நிமிட இலக்கை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், அதனால்தான் அது கைவிட்டுப் போனபோது யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை. இப்போது எல்லாம் காலண்டரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பி வர எட்டு மணி ஆகும் என்று எழுதி வைத்ததால், என்னவர் அரிசிம்பருப்பு சாதம் வைக்கக் கற்றுக்கொண்டார். பருப்பு கொஞ்சம் வேகாது. சொல்வதில்லை.

ஹீமோகுளோபின் இப்போது 12.1. வாட்சை எடுத்துவிட்டேன், ஞாயிறு மட்டும் கட்டுகிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜோன் அம்மாவின் கணக்கைத் திருடி ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். 2032-ல் எனக்கு 60 வயது முடியும். அந்த வருட டிசம்பரில் பத்து கிலோமீட்டர், பழைய 1.09.40-ஐவிடப் பத்து நிமிடத்துக்கு மேல் பின்தங்காமல். கூட்டிப் பார்த்தால் 1.19.40 வருகிறது. என் முதல் பந்தயத்து நேரத்துக்கு ஏறக்குறைய அதேதான்! என்னவரிடம் காட்டினேன். "அதுக்கு இன்னும் காலண்டரே அடிக்கலையே புள்ள" என்றார்.

ஈரோட்டுச் சகோதரியே, உங்கள் ஷூ இன்னும் பரணுக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். ஒரு மாதம் நேரம் பார்க்காமல், தூரம் பார்க்காமல் காலண்டரில் புள்ளி மட்டும் வைத்துப் பாருங்கள். எத்தனை புள்ளி வந்தது என்று இதே பகுதிக்கு எழுதுங்கள், தேடிப் படிப்பேன்.

- ஒரு வாசகி, கோவை.